பிரித்துக் காணும் உரிமை



நான் மாத்தளை மாவட்டத்தில் ஓர் அரசினர் பாடசாலையின் அதிபர். பட்டம் பெற்றது கலைத்துறையிலே. தமிழும் வரலாறுமே நான் முறையாகப் பயின்ற பாடங்கள். அத்தகைய ஒருவன் நுண்கணிதத்தின் விதியொன்றைப் பற்றி வானொலியிற் பேசப் புகுவது, நெசவுக்காரன் கொல்லன் உலைக்குச் சென்று சம்மட்டியைத் தூக்குவது போன்றது என உங்களிற் சிலர் எண்ணக்கூடும். நானும் முதலில் அவ்வாறே எண்ணினேன். ஆயினும் இந்த விதியின் பொருட்டு எனக்கு ஒரு கடன் உண்டு. அதனைச் சொல்லித் தீர்க்க வேண்டும் என்பதற்காகவே இன்றைய பேச்சுக்கு இசைந்தேன்.

சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் பாடசாலையில் உயர்தர வகுப்புக்குக் கணிதம் கற்பித்த ஆசிரியர் இடமாற்றம் பெற்றுச் சென்றார். அவருடைய இடத்துக்கு இன்னொருவர் வந்து சேர ஒரு தவணைக்கு மேல் ஆயிற்று. மலைநாட்டுத் தமிழ்ப் பாடசாலைகளின் நிலையை அறிந்தவர்களுக்கு இது புதிய செய்தியன்று. வகுப்பில் இருந்தவர்கள் ஏழு பேர். அவர்களை நூலகத்தில் அமர்த்தி, கிடைத்ததைப் படியுங்கள் என்று விட்டிருக்கலாம், மனம் இடங்கொடுக்கவில்லை. இரவிலே பாடநூலைப் படித்து, விளங்கியதையும் விளங்காததையும் மறுநாட் காலையிற் கரும்பலகையில் எழுதி, ஒருவாறு காலத்தைக் கடத்தினேன்.

வகையீடு என்னும் அதிகாரத்துக்கு வந்தோம். ஒன்று மாற மற்றொன்று எந்த வேகத்தில் மாறுகிறது என்று காண்பதே வகையீடு. அவ்வாறு பெறப்படும் வேகத்தை எங்கள் நூல்கள் பெறுதி என்கின்றன. கடலுக்கு அப்பால் தமிழ்நாட்டில் அதனை வகைக்கெழு என்பர். தமிழ் படித்தவன் என்ற முறையில், பெறுதி என்ற சொல்லையே நான் விரும்புகிறேன். பெற்றது பெறுதி, சொல் சிறியது, பொருள் தெளிவு.

அவ்வதிகாரத்தின் முதல் விதி இது. இரண்டு சார்புகளின் கூட்டுத்தொகையை வகையிட வேண்டுமாயின், ஒவ்வொன்றையும் தனித்தனியே வகையிட்டு, வந்த விடைகளைக் கூட்டினாற் போதும். ஒரு சார்பு மாறாத எண்ணொன்றினாற் பெருக்கப்பட்டிருப்பின், அந்த எண்ணை வெளியே நிறுத்திவிட்டுச் சார்பை மட்டும் வகையிட்டு, பின்னர் எண்ணாற் பெருக்கிக்கொள்ளலாம். நூல்களில் இதற்கு நேரியற் பண்பு என்று பெயர். நேர் என்ற சொல்லைக் கண்டு, நேர்கோடுகளுக்கு மட்டும் உரிய விதி இது என்று மயங்கும் மாணவர் உண்டு. அன்று. வளைந்தும் நெளிந்தும் செல்லும் எந்தச் சார்பாயினும், அதற்குப் பெறுதி உண்டாயின், விதி செல்லும். நேர்மை சார்பினுடையதன்று, வகையீடு என்னும் செயலினுடையது.

இவ்விதியை எழுதி முடித்து, பயிற்சிக் கணக்குகள் சில கொடுத்தேன். அவற்றுள் ஒன்று பெருக்கல் பற்றியது. தோட்டத்து லயத்திலிருந்து நாள்தோறும் நான்கு மைல் நடந்து வரும் மாணவி ஒருத்தி, காலத்தின் வர்க்கத்தையும் காலத்தின் கனத்தையும் தனித்தனியே வகையிட்டு, இரு விடைகளையும் பெருக்கிக் கொண்டுவந்தாள். விடை நூலின் பின்பக்கத்தோடு ஒத்துப்போகவில்லை. நான் சிவப்பு மையினாற் குறுக்கே கோடிட்டேன். அவள் கொப்பியை வாங்கிக்கொண்டு நகராமல் நின்றாள். “கூட்டலுக்குப் பிரிக்கலாமென்றால், பெருக்கலுக்கு ஏன் பிரிக்கக் கூடாது சேர்?” என்று கேட்டாள்.

எனக்கு விடை தெரியாது. தெரியாது என்று சொல்லியிருக்க வேண்டும். அதற்கு மாறாக, “அது விதி. மனத்திற் பதித்துக்கொள்” என்றேன். அவள் தலையசைத்துவிட்டுச் சென்றாள். அந்தத் தவணை முழுவதும் அவள் மறுபடியும் ஒரு கேள்வி கேட்கவில்லை.

அந்த மௌனம் என்னை உறுத்திற்று. கேள்விக்கு விடை காணும் வரையில் அது தீராது என்பதும் விளங்கிற்று. விடையை முதலில் எனக்குக் காட்டியது நூலன்று. எங்கள் ஊர் ஆறு.

மாத்தளை நகரின் ஓரமாகச் சுது கங்கை ஓடுகின்றது. முன்னாளில் அது தன் மலைகளில் வீழ்ந்த மழையை மட்டுமே சுமந்தது. 1976ஆம் ஆண்டு தொடக்கம் அதற்கு இன்னொரு நீரும் வந்து சேர்கின்றது. கண்டிக்கு அருகே பொல்கொல்லையில் மகாவலியை மறித்து, ஏறத்தாழ 8 கிலோமீற்றர் நீளமான சுரங்கத்தின் வழியே மலையைத் துளைத்து நீரைக் கொண்டுவந்து, உக்குவளை மின்நிலையத்திற் சுழலிகளை இயக்கியபின் சுது கங்கையில் விடுகின்றனர். அங்கிருந்து அது அம்பன் கங்கையை அடைந்து, போவத்தென்ன நீர்த்தேக்கத்துக்கும், 2017இல் நீர் நிரப்பத் தொடங்கப்பெற்ற மொரகஹகந்த நீர்த்தேக்கத்துக்கும், அப்பால் உலர்வலய வயல்களுக்கும் செல்கின்றது.

உக்குவளைக்குக் கீழே ஒரு பாலத்தின்மேல் நின்று பாருங்கள். காலையிலிருந்து பாலத்தின் அடியிற் கடந்த நீர் எவ்வளவு என்று கணக்கிடுவோம். அது இரு பகுதியினது: கங்கையின் நீர், சுரங்கத்தின் நீர். அடுத்த ஒரு நிமிடத்தில் அத்தொகை எவ்வளவு கூடும்? கங்கை அந்த நிமிடத்திற் கொணர்ந்தது எவ்வளவோ, சுரங்கம் கொணர்ந்தது எவ்வளவோ, அவ்விரண்டும் சேர்ந்த அளவு. வேறு எதுவும் இல்லை. கூட்டுத்தொகையின் மாற்றம் மாற்றங்களின் கூட்டுத்தொகை. நிமிடத்தை நொடியாகவும், நொடியை அதன் சிறு கூறாகவும் குறுக்கிக்கொண்டு போனாலும் இது மாறுவதில்லை. எனவே கணத்துக்குக் கணம் உள்ள வேகங்களும் அவ்வாறே கூடுகின்றன. விதியின் நிறுவல் இவ்வளவே. இதற்காகவா இரவெல்லாம் விழித்தேன் என்று எனக்கு வெட்கமாக இருந்தது.

இங்கே ஒரு நுட்பம் உண்டு. கங்கையும் சுரங்கமும் ஒன்றையொன்று பாராமல் தனித்தனியே ஓடுவதனாலேதான் வேகங்கள் கூடுகின்றன என்று நான் முதலில் நினைத்தேன். அது பிழை. மழை மிகுந்து கங்கை பெருகும்போது பொறியியலாளர் சுரங்க நீரைக் குறைக்கின்றார் என்று வைத்துக்கொள்வோம். அப்பொழுது ஒன்றின் ஓட்டம் மற்றொன்றைப் பொறுத்ததாகிவிடுகின்றது. ஆயினும், பாலத்தடியில் அந்தக் கணத்தில் உள்ள வேகம் இரண்டு வேகங்களின் கூட்டுத்தொகையே. இரண்டு பொருள்களுக்கிடையே உறவு இருப்பினும் இல்லாவிடினும், அவை கூட்டலினால் மட்டும் இணைக்கப்பட்டிருந்தால், அவற்றின் மாற்றங்களைப் பிரித்துக் காணும் உரிமை நமக்கு உண்டு.

மாறாத எண்ணைப் பற்றிய இரண்டாம் பகுதியை விரித்துரைக்க வேண்டியதில்லை. நீரை கனமீற்றரில் அளந்தவர் இலீற்றரில் அளக்கத் தொடங்கினால் தொகையும் ஆயிரம் மடங்காகும், வேகமும் ஆயிரம் மடங்காகும். ஆறு அதே ஆறு.

இனி, மாணவியின் கேள்வி. அதற்கு ஆற்றை விட்டுவிட்டு மிளகுக்கு வர வேண்டும். மிளகு எங்கள் மாவட்டத்தின் பழைய செல்வம். வீட்டுத் தோட்டத்து மரங்களிலே மிளகுக்கொடி ஏறாத வீடு இப்பக்கத்திற் குறைவு. ஒருவரிடம் காய்ந்த மிளகு 100 கிலோகிராம் இருக்கின்றது எனவும், கணக்கின் எளிமைக்காக விலை கிலோ 1000 ரூபா எனவும் கொள்வோம். நாள்தோறும் 2 கிலோ புதிதாகக் காய்ந்து சேர்கின்றது. சந்தையில் விலை நாள்தோறும் 10 ரூபா ஏறுகின்றது. அவருடைய மிளகின் மொத்தப் பெறுமதி எந்த வேகத்தில் உயர்கின்றது?

என் மாணவி செய்தது போலச் செய்தால், 2ஐப் 10ஆற் பெருக்கி, நாளொன்றுக்கு 20 ரூபா என்போம். மிளகுக்காரர் சிரிப்பார். ஏனெனில் இருக்கின்ற 100 கிலோவும் கிலோவுக்குப் 10 ரூபா ஏறுவதனால் மட்டும் 1000 ரூபா வருகின்றது. புதிதாகச் சேரும் 2 கிலோ, கிலோ 1000 ரூபாவாக, 2000 ரூபா பெறுகின்றது. ஆக, 3000 ரூபா. பெருக்கலில் ஒன்றின் மாற்றம் தனித்து நிற்பதில்லை. மற்றதன் முழு அளவும் அதன்மேல் ஏறி நிற்கின்றது. விலை பத்து ரூபா ஏறுவதன் பயன், கையிலே எவ்வளவு மிளகு இருக்கின்றது என்பதைப் பொறுத்தது. கூட்டலில் அப்படியில்லை. சுரங்க நீர் ஒரு வாளி மிகுந்தால், கங்கையில் எவ்வளவு நீர் இருந்தாலும் பாலத்தடியில் ஒரு வாளியே மிகும்.

அந்த 20 ரூபா எங்கே போயிற்று என்று கேட்கத் தோன்றும். அது பொய்யன்று, சிறியது. ஒரு நாள் கழிந்ததும் மிளகு 102 கிலோ, விலை 1010 ரூபா, பெறுமதி 1,03,020 ரூபா. ஏற்றம் 3020 ரூபா. மிகையான 20, புதிய மிளகுக்குப் புதிய விலையேற்றத்தினால் வந்தது. அரை நாளைக்குக் கணக்கிடுவோம்: 101 கிலோ, 1005 ரூபா, ஏற்றம் 1505, நாளொன்றுக்கு 3010 என்ற வேகம். பத்தில் ஒரு நாளைக்குக் கணக்கிட்டால் வேகம் 3002. நூறில் ஒரு நாளைக்கு 3000 ரூபா 20 சதம். காலத்தைக் குறுக்கக் குறுக்க அந்த மிகை தேய்ந்து போகின்றது. 3000 மட்டும் நிலைக்கின்றது. என் மாணவி விடையென்று கொண்டுவந்தது, இவ்வாறு தேய்ந்து மறைகின்ற அந்த மூலைத் துண்டையே. மறையாத இரு பெருந்துண்டுகளும் அவள் கண்ணுக்குப் படவில்லை. என் கண்ணுக்கும் படவில்லை.

இதனைக் கண்டபின் எனக்கு ஏற்பட்ட ஆறுதலைச் சொல்ல வேண்டும். நுண்கணிதத்தை வகுத்தோருள் ஒருவராகிய ஜேர்மன் அறிஞர் லைப்னிற்ஸ், 1675ஆம் ஆண்டு நவம்பர் 11ஆம் திகதியிட்ட கைக்குறிப்பில் இதே கேள்வியைத் தமக்குத் தாமே போட்டுக்கொண்டார். பெருக்கற்பலனின் வகையீடு வகையீடுகளின் பெருக்கற்பலனாகுமா? முதலில் ஆகும் என்று கொண்டு, அதே குறிப்பிற் சோதித்துப் பார்த்து, ஆகாது என்று திருத்திக்கொண்டார். 1684இல் லைப்சிக் நகரத்து ஆய்விதழிலே அவர் விதிகளை வெளியிட்டபோது, கூட்டல் விதியும் சரியான பெருக்கல் விதியும் அருகருகே இடம்பெற்றன. தோட்டத்துப் பிள்ளை வழுக்கிய இடத்திலே லைப்னிற்ஸும் ஒருமுறை வழுக்கியிருக்கின்றார். வேறுபாடு யாதெனில், அவருக்கு அது விதி என்று சொல்லி வாயடைப்பதற்கு அருகே ஓர் அதிபர் இருக்கவில்லை.

மாற்றங்களைப் பிரித்துக் கூட்டும் வழக்கம் ஐரோப்பாவிலே தோன்றியதொன்றன்று. நம் வீட்டுச் சுவரில் தொங்கும் பஞ்சாங்கம் அதன்மேல் நிற்கின்றது. திதி என்பது யாது? சந்திரனுக்கும் சூரியனுக்கும் இடையேயுள்ள கோணம் 12 பாகை கூடுவதற்கு ஆகும் காலம் ஒரு திதி. அக்கோணம் எந்த வேகத்திற் கூடுகின்றது? சந்திரனின் வேகத்திலிருந்து சூரியனின் வேகத்தைக் கழித்துவிட வேண்டியதுதான். சந்திரன் சராசரியாக நாளொன்றுக்கு 13 பாகை 10 கலை 35 விகலை செல்கின்றது. சூரியன் 59 கலை 8 விகலை. கழித்தால் 12 பாகை 11 கலை 27 விகலை. அது 12 பாகையிலும் சற்று மிகுதியாதலின், திதியின் சராசரி நீளம் 24 மணிக்குச் சற்றுக் குறைவு. சந்திரனின் வேகம் நாளுக்கு நாள் மாறுவதால், ஒரு திதி ஏறத்தாழ 20 மணியில் முடிவதும் உண்டு. 26 மணிக்கு மேல் நீள்வதும் உண்டு. ஒரு திதி இரண்டு சூரிய உதயங்களைத் தொட்டு நிற்பதன் காரணம் இதுவே.

சந்திரனின் மாறும் வேகத்தை நம் முன்னோர் எவ்வாறு கண்டனர்? கோளின் உண்மை நிலையை, சராசரி நிலையும் ஒரு திருத்தமும் கூடியதாக வைத்தனர். 1150ஆம் ஆண்டிற் சித்தாந்த சிரோமணியை இயற்றிய பாஸ்கராசாரியர், அந்தந்தக் கணத்துக்குரிய வேகத்தைத் தாத்காலிக கதி என்று பெயரிட்டு ஆராய்ந்தார். உண்மை வேகம் என்பது சராசரி வேகமும், திருத்தம் மாறும் வேகமும் கூடியது என்பது அவர் கணக்கின் அடிப்படை. திருத்தம் தன் உச்சத்தை அடைந்த இடத்தில் அது கூடுவதுமில்லை, குறைவதுமில்லை. ஆகவே அங்கே உண்மை வேகமும் சராசரி வேகமும் ஒன்றே என்றும் அவர் கண்டார். லைப்னிற்ஸுக்கு ஐந்து நூற்றாண்டுகளுக்கு முற்பட்ட செய்தி இது.

பஞ்சாங்கத்தைப் பற்றிச் சொல்லும்போது, என் குற்றத்தோடு தொடர்புடைய இன்னொரு செய்தியும் நினைவுக்கு வருகின்றது. யோன் வாரன் என்பவர் 1825இற் சென்னையில் வெளியிட்ட கால சங்கலிதம் என்னும் நூலிலே, புதுச்சேரியில் வாழ்ந்த தமிழ்ப் பஞ்சாங்கக்காரர் ஒருவரைப் பற்றி எழுதியிருக்கின்றார். அவர் சோழிகளைத் தரையிற் பரப்பி, மனப்பாடமாக வைத்திருந்த வாய்பாடுகளைக் கொண்டு, ஓர் எண்ணையும் எழுதாமல், அவ்வாண்டு நிகழ்ந்த சந்திர கிரகணத்தைக் கணித்துக் காட்டினார். நிலை வேறு, திருத்தம் வேறு என்று பகுதி பகுதியாகப் பிரித்து வைத்திருந்தமையாலேயே, அவ்வளவையும் ஒரு மனிதர் நெஞ்சில் தாங்க முடிந்தது. ஆயினும், அவ்வாய்பாடுகள் எதன்மேல் எழுந்தவை என்பது அவருக்குத் தெரிந்திருக்கவில்லை என்றும் வாரன் குறிக்கின்றார். அவரை நான் இகழவில்லை; அவர் நினைவாற்றலுக்கு முன் நாமெல்லாம் சிறுவர். ஆனால் அவருக்குப் பழக்கமான வழியைவிட்டு வேறொரு கணக்கைக் கொடுத்திருந்தால் என்ன செய்திருப்பார்? விதியை மட்டும் அறிந்தவனுக்கு, அது எங்கே முடிகின்றது என்பது தெரியாது. எங்கள் வகுப்பிலே ஏழு பேரை அந்த நிலையிலேயே நான் நிறுத்தியிருந்தேன்.

புதிய கணித ஆசிரியர் வந்து சேர்ந்தபின், ஒரு நாள் அவருடைய பாடவேளையிற் பத்து நிமிடம் கேட்டு வாங்கிக்கொண்டு வகுப்புக்குள் நுழைந்தேன். மிளகுக் கணக்கைக் கரும்பலகையில் எழுதினேன். அந்த மாணவியை அழைத்து, “அன்று நீ கேட்ட கேள்விக்கு எனக்கு விடை தெரியாமலிருந்தது, அதனை மறைத்துவிட்டேன்” என்றேன். பிள்ளைகள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அதிபர் ஒருவர் அவ்வாறு சொல்வதை அவர்கள் அதற்கு முன் கேட்டதில்லைப் போலும். அவள் வெண்கட்டியை வாங்கி, நூறில் ஒரு நாளுக்குரிய கணக்கைத் தானே செய்து முடித்தாள். மேலே நான் சொன்ன 3000 ரூபா 20 சதம் அவள் கண்ட எண்.

பின்னர் அவள் பல்கலைக்கழகம் சென்றாள். முதலாண்டிலே எனக்கு ஒரு கடிதம் எழுதினாள். இரண்டு சார்புகளுக்குச் செல்லும் விதி மூன்றுக்கும் செல்லும், நூற்றுக்கும் செல்லும். முடிவில்லாமற் கூட்டிக்கொண்டே போனாலும் செல்லுமா சேர், என்று கேட்டிருந்தாள். விரிவுரையாளரிடம் கேட்டிருக்கலாம், ஏனோ எனக்கு எழுதினாள்.

இம்முறை நான் விதி என்று எழுதவில்லை. கடிதத்தை எடுத்துக்கொண்டு, கண்டியில் இளைப்பாறி வாழும் முதிய கணித ஆசிரியர் ஒருவரிடம் சென்றேன். அவர் வீட்டு விறாந்தையில் மாலை முழுவதும் எனக்குப் பாடம் நடந்தது. பதினான்காம் நூற்றாண்டிலே கேரளத்துச் சங்கமகிராமத்தில் வாழ்ந்த மாதவர், கோணத்தின் சைனை முடிவில்லாத தொடராக விரித்தார். அத்தொடரை உறுப்பு உறுப்பாக வகையிட்டால் கோசைனின் தொடர் பிழையின்றி வருகின்றது. ஆகவே செல்லும் போலத் தோன்றுகின்றது. ஆனால் 1872ஆம் ஆண்டு ஜூலை 18ஆம் திகதி, வயர்ஷ்ட்ராஸ் என்பவர் பேர்லின் அறிவியற் கழகத்தின் முன் ஒரு தொடரை வைத்தார். அதன் ஒவ்வோர் உறுப்பும் மென்மையான அலை. எவ்விடத்திலும் வகையிடத் தக்கது. முடிவில்லாமற் கூட்டிவந்த முழுமையோ, எங்கும் அறுபடாத ஒரு கோடாக இருந்தும், ஓரிடத்திலேனும் பெறுதி இல்லாதது. ஆகவே, எண்ணி முடியும் தொகைக்கு உரிய உரிமை, முடிவிலாத் தொகைக்குத் தானாகவே வந்துவிடுவதில்லை. எப்பொழுது வரும் என்பதற்குத் தனி நிபந்தனைகள் உண்டு என்று அவர் விளக்கினார்.

அந்நிபந்தனைகளிற் பாதி எனக்கு விளங்கவில்லை. விளங்கியதை என் கையெழுத்தில் நான்கு பக்கம் எழுதினேன், விளங்காத இடங்களை அடிக்கோடிட்டு, “இவை எனக்குத் தெரியாதவை, நீ தெரிந்துகொண்டதும் எழுது” என்று குறித்து, மறுநாட் காலையில் மாத்தளைத் தபாற் கந்தோரிற் சேர்த்தேன்.